9,000 ஆர்பிஎம்மில் வெட்டு விசை அளக்கப் போய் நான் பட்ட பாடு

அதிர்வு அளப்பதுதான் என் பிழைப்பு. பெங்களூர்ப் பக்கம் பீன்யா, தாசரஹள்ளி, நெலமங்களா பட்டறைகளுக்குப் போய் மோட்டார், புளோயர், ஸ்பிண்டில் பேரிங் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து ரிப்போர்ட் கொடுப்பேன். அதிர்வை அளக்கும் ஆக்சிலரோமீட்டரை, அதன் காந்தக் காலை வைத்து ஒட்டினாலே பாதி வேலை முடிந்த மாதிரி. போன மழைக்காலத்தில் வந்த வேலை வேறு வகை. அதிர்வு வேண்டாம், விசை வேண்டும், அதையும் நியூட்டனில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். கடைசியில் கணக்குப் பார்த்தபோது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கையை விட்டுப் போயிருந்தது. தூக்கம் போனது தனி. நடுவில் யாரையாவது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. ஆங்கிலத்தில் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் ஆய்வகத்துக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை. சாரல் அடிக்கிறது என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்க, தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்க்கிறவனுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

வேலை இதுதான். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், விஎம்சி மெஷினில் (கம்ப்யூட்டர் ஓட்டும் செங்குத்து வெட்டு மெஷின்) அலுமினிய ஹவுசிங் வெட்டிக் கொடுக்கிறார். ஹவுசிங்கைப் பிடிக்கும் ஃபிக்சரின் போல்ட்டுகள் ஷிஃப்ட் முடிவதற்குள் தளர்ந்துவிடுகின்றன. ஃபிக்சர் செய்து கொடுத்தவரைக் கேட்டால், "நீங்க 500 நியூட்டன்னு சொன்னீங்க, அதுக்கு மேல விசை வருது, அதான் தளருது" என்கிறார். பட்டறைக்காரரோ ஃபிக்சரே சரியில்லை என்று பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். "தம்பி, எனக்கு ஒரே ஒரு நம்பர் வேணுமுங்க. எவ்வளவு விசை வருதுன்னு நீங்க எழுதிக் கொடுத்துட்டா பஞ்சாயத்து முடிஞ்சுருமுங்க" என்றார். 90,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

அளப்பதற்கு முன்னால் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பிறகு வந்த குழப்பங்களில் நான் மூழ்காமல் இருந்ததற்கு அந்த அரைப் பக்கம்தான் காரணம். நான்கு பல் எண்ட்மில், அதாவது சுற்றிக்கொண்டே சீவும் கட்டர். 9,000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 9,000 சுற்று. ஒரு நொடிக்கு 150 சுற்று, நான்கு பல் என்றால் நொடிக்கு 600 முறை ஜாபின், அதாவது வெட்டப்படும் துண்டின் மேல் அடி விழுகிறது. அதாவது விசை 600 ஹெர்ட்ஸில் ஏறி இறங்குகிறது. பல்லுக்கு 0.1 மில்லிமீட்டர் ஃபீட் (ஒரு பல் சீவும் தடிமன்), ஆழம் 5 மில்லிமீட்டர். அலுமினியக் கலவையை வெட்ட ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 800 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால் 0.1 × 5 × 800, ஆக உச்சத்தில் 400 நியூட்டன். இது துல்லியமான எண் இல்லை. முந்நூறு வரலாம், ஐந்நூறு வரலாம். ஆனால் ஆயிரம் வந்தால் ஏதோ இடிக்கிறது என்று சொல்ல இது போதும். எந்தக் கருவியை வாடகைக்கு எடுப்பதற்கு முன்னாலும் இப்படி ஒரு கணக்கைப் போட்டு, தேதி எழுதி, பையில் வைத்துக்கொள்ளுங்கள். எண் வந்த பிறகு போடும் கணக்கு எப்படியோ வந்த எண்ணை நோக்கியே சாய்ந்துவிடுகிறது.

கருவிக்கு வருகிறேன். ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகம் வளைவதை அளக்கும் பட்டை) வைத்த மூன்று அச்சு விசைமேடை ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். வாரத்துக்கு 28,000, முன்பணம் 50,000. மேடையை மெஷின் டேபிளில் போல்ட் போட்டு, அதன் மேல் ஃபிக்சரையும் ஜாபையும் ஏற்றி வெட்ட வேண்டும். இயல்பு அதிர்வெண், அதாவது தட்டினால் மேடை தானாக ஆடும் வேகம், 1,500 ஹெர்ட்ஸ் என்று கேட்லாக்கில் போட்டிருந்தது. நொடிக்கு 20,000 சாம்பிள், அதாவது 20,000 முறை அளவு எடுக்கும் என்றும் போட்டிருந்தது. அளவுத்திருத்தச் சான்றிதழும் முறையாக இருந்தது. "உங்களுக்கு 600 ஹெர்ட்ஸ்தானே சார், 1,500-ன்னா தாராளம்" என்று விற்பனைக்காரர் சொன்னார். கேட்லாக்கின் இரண்டு எண், சான்றிதழ், இந்த மூன்றில் எதுவும் பொய் இல்லை. எனக்குக் கிடைத்த அடி அத்தனையும் இந்த மூன்றிலிருந்துதான் வந்தது.

முதலில் வந்த எண் 130 நியூட்டன். கோடு அவ்வளவு அழகு, ஏற்ற இறக்கமே இல்லாமல் மெழுகு மாதிரி ஓடியது. பட்டறைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. 500-க்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை, அப்படியென்றால் ஃபிக்சர்தான் குற்றவாளி. உடனே ரிப்போர்ட் வேண்டும் என்றார். எனக்குத்தான் அந்த அழகு உறுத்தியது. நொடிக்கு 600 அடி விழும் இடத்தில் ஒரு பல்கூடக் கிராஃபில் தெரியவில்லையே. ஆம்ப்ளிஃபயர் மெனுவுக்குள் மூன்று அடுக்கு இறங்கித் தேடினால், 100 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதை வெட்டிவிடும் ஃபில்டர் போட்டபடி கிடக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வருமாம். எடைபோடும் வேலைக்கு அது நல்லது. இங்கே அது உச்சங்களை எல்லாம் வழித்தெடுத்துவிட்டுச் சராசரியை மட்டும் கொடுத்திருக்கிறது. ஆகவே கிராஃபைப் பெரிதாக்கிப் பல்லை எண்ணுங்கள். ஒரு சுற்றுக்கு நான்கு மேடு தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

ஃபில்டரைத் திறந்து விட்டதும் 900 நியூட்டன் வந்தது. செய்தி எப்படியோ ஃபிக்சர்காரர் காதுக்குப் போய், அவரும் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "பாருங்க சார், நான் அப்பவே சொன்னேன்ல." இப்போது அவருக்கு ரிப்போர்ட் உடனே வேண்டும். பட்டறைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். 130-ஐயும் நான்தான் காட்டினேன், 900-ஐயும் நான்தான் காட்டினேன், எந்த எண்ணை எடுத்தாலும் ஒருவர் என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார், இன்னொருவர் என்னை ஏமாற்றுக்காரன் என்பார். இரண்டுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னபோது குரல் நடுங்கியது உண்மை. வாடகை மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு இரவு மெஷினை ஓட்டும் தருமபுரித் தம்பியை மட்டும் நிறுத்திக்கொண்டு ஒரு சோதனை செய்தேன். இதை யார் வேண்டுமானாலும் காசு செலவில்லாமல் செய்யலாம். ஆழம், பல்லுக்கான ஃபீட் இரண்டையும் மாற்றாமல் ஆர்பிஎம்மை மட்டும் மாற்ற வேண்டும். கவனம், ஆர்பிஎம்மைக் குறைத்தால் டேபிள் வேகத்தையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். 9,000-க்கு நிமிடத்துக்கு 3,600 மில்லிமீட்டர் என்றால் 3,000-க்கு 1,200. அப்போது ஒவ்வொரு பல்லும் சீவுகிற தடிமன் அதேதான், விசையும் ஏறக்குறைய அதேதான் இருக்க வேண்டும். அலுமினியத்தில் வேகம் கூடினால் விசை கொஞ்சம் குறையலாம், இரண்டு மடங்காக ஏறாது. ரொம்பக் குறைந்த வேகத்துக்குப் போனால் உலோகம் பல் நுனியில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும், அதனால் 3,000-க்குக் கீழே இறங்கவில்லை. 3,000-ல் 450-க்குப் பக்கம் வந்தது. 6,000-ல் எண் ஏறியதோடு ஒவ்வொரு மேட்டுக்கும் நடுவில் இன்னொரு குட்டி மேடும் முளைத்தது. 9,000-ல் மறுபடி 900. 12,000-ல் 2,000-ஐத் தாண்டி ஓவர்லோடு விளக்கு எரிந்தது. "அண்ணா, சத்தம் ஒண்ணும் அவ்வளவு மாறலியே, நம்பர் மட்டும் ஏன் இப்படி எகிறுது?" என்று தம்பி கேட்டான். சரியான கேள்வி. வெட்டும் விசை மாறவே இல்லை. மேடை தன் ஆட்டத்தையும் சேர்த்து எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

டவுன் பஸ்ஸில் ஒரு ஜன்னல் கண்ணாடி குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கடகடவென்று அடித்துக்கொள்ளும், வேகம் மாறினால் அடங்கிவிடும். அதுபோல எந்த விசைமேடைக்கும் தனக்கென்று ஒரு அதிர்வெண் உண்டு. கேட்லாக்கில் சொன்ன 1,500 என்பது வெறும் மேடைக்கு, அதுவும் கனமான எஃகுக் கட்டையில் இறுக்கி வைத்து எடுத்த எண். அதன் மேல் எடை ஏற ஏற அது இறங்கும். எடை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். மேடையின் மேல்தட்டு 4 கிலோ, நான் ஏற்றி வைத்த ஃபிக்சரும் ஜாபும் 9 கிலோ. 4-ஐ 13-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து 1,500-ஆல் பெருக்கினால் 830 சொச்சம். உண்மையா என்று பார்க்க, நைலான் தலைச் சுத்தியலால் ஜாபின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டி, மேடையின் சிக்னலையே பதிவு செய்தேன். 820-ல் ஊசி மாதிரி ஒரு சிகரம் நின்றது. இதற்கு விலை உயர்ந்த விசைச் சுத்தியல் வேண்டியதில்லை. எங்கே ஆடுகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் சாதாரணச் சுத்தியல் போதும். இரும்புத் தலை ஜாபில் தழும்பு போடும், மெத்தென்ற ரப்பர் தலையோ மேல் அதிர்வெண்களைத் தொடாது. நடுவாந்திரமான பிளாஸ்டிக், நைலான் சரியாக இருக்கும்.

820 தெரிந்ததும் எல்லா எண்ணும் வரிசையில் வந்து நின்றன. எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்பதற்கு ஒரு சிறிய கணக்கு இருக்கிறது. அளக்கும் அதிர்வெண்ணை இயல்பு அதிர்வெண்ணால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 1-லிருந்து கழித்து, 1-ஐ அதனால் வகுக்க வேண்டும். 600-க்கு 820 என்றால் 2.15 மடங்கு. 9,000-ல் 400 ஏன் 900 ஆனது என்பது இதிலேயே வந்துவிடுகிறது. 12,000 ஆர்பிஎம்மில் பல் அடிப்பது 800 ஹெர்ட்ஸ், நேராக ஒத்ததிர்வின் வாயில் போய் விழுகிறது. 6,000-ல் 400 தானே, ஏன் குட்டி மேடு? பல் வெட்டுவது இதமான அலை இல்லை, வெட்டென்று விழும் அடி. அதற்குள் 400-ன் இரட்டையும், மும்மடங்கும், அதற்கு மேலும் இருக்கும். இரட்டை 800. ஆக, பல் அதிர்வெண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது, அதன் மடங்குகளையும் எழுதிப் பார்க்க வேண்டும். அளக்கிற அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்காவது இயல்பு அதிர்வெண் இருந்தால் பிழை 4 சதவீதத்தோடு நிற்கும். மூன்று மடங்கு என்றால் 12 சதவீதத்தைத் தாண்டும். 600-க்கு 1,500 தாராளம் என்றாரே அந்த விற்பனைக்காரர், வெறும் மேடையாகவே வைத்தாலும் அது இரண்டரை மடங்குதான்.

அவரைப் போனில் பிடித்தேன். "கேட்லாக்கில் இருப்பது உண்மைதானே சார், நீங்கள் 9 கிலோ ஏற்றுவீர்கள் என்று எங்களிடம் சொல்லவில்லையே" என்றார். எவ்வளவு எடை ஏற்றுவீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. வாடகையில் ஒரு ரூபாய் குறையவில்லை. சான்றிதழைப் பற்றியும் அப்போதுதான் உறைத்தது. எடைக்கற்களை ஏற்றி, அசையாமல் நிறுத்தி வைத்து எடுத்த சான்றிதழ் அது. நிற்கிற சுமைக்கு அது சத்தியம். நொடிக்கு 600 முறை மாறுகிற சுமையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. நீங்கள் வாடகைக்கு எடுக்கும்போது, இத்தனை கிலோ ஏற்றினால் இயல்பு அதிர்வெண் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், பணம் கொடுப்பதற்கு முன் அவர்கள் கடையிலேயே அந்த எடையைக் கட்டி வைத்துத் தட்டிப் பாருங்கள்.

இதற்கு நடுவில் இரண்டு பேய் வேறு. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தில், 1,000 ஹெர்ட்ஸில் காரணமே இல்லாமல் ஒரு சிகரம். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஓடினால் வரும், நின்றால் போய்விடும், ஆர்பிஎம்மை மாற்றினாலும் இடம் மாறாது. பேரிங் என்றுகூட ஒரு மாலை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், கேட்லாக் சொன்ன 20,000 சாம்பிள் நான்கு சேனலுக்கும் சேர்த்து. ஒரு சேனலுக்கு 5,000 தான். ஸ்பிண்டில் டிரைவ் 4,000 ஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகிறது, அந்த இரைச்சல் கேபிளுக்குள் ஏறுகிறது. 5,000 சாம்பிளில் 4,000 ஹெர்ட்ஸ் அகப்படாது, மடங்கி 1,000-மாக வந்து நிற்கும். இரண்டு சேனலைக் கழற்றிவிட்டு மற்ற இரண்டுக்கும் 10,000 சாம்பிள் கொடுத்தேன். 1,000-ல் இருந்த சிகரம் காணாமல் போய் 4,000-ல் எழுந்தது. சாம்பிளிங் வேகத்தை மாற்றும்போது இடம் மாறுகிற சிகரம் உங்கள் மெஷினில் இல்லை என்று அர்த்தம். இந்த மடங்கலைத் தடுக்கும் ஃபில்டர் டிஜிட்டலாக மாற்றும் சில்லுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். பதிவான பிறகு கம்ப்யூட்டரில் எந்த ஃபில்டர் போட்டாலும் பேய் போகாது.

இன்னொன்று 150 ஹெர்ட்ஸ். 9,000 ஆர்பிஎம் என்றால் சுற்றுக்கு ஒரு முறை வருவது 150. நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், அதன் மும்மடங்கும் 150. எது என்று எப்படிச் சொல்வது? 8,700-க்கு இறக்கினேன். சிகரத்தின் பெரும்பகுதி 145-க்கு நகர்ந்தது, ஒரு சின்னக் குச்சி மட்டும் 150-லேயே நின்றது. நகர்ந்தது மெஷினுடையது, நின்றது மின்சாரத்துடையது. மெஷினுடைய பங்கைப் பார்த்ததும், கட்டரை டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கட்டரின் ஒரு பல் மற்றவற்றைவிட வெளியே நின்றது, அது கூடுதலாக வெட்டிக்கொண்டிருந்தது. இது உண்மையான விசை, ஃபில்டர் போட்டு அழிக்கக் கூடாது. மின்சாரப் பங்கு, கேபிளின் ஷீல்டை ஆம்ப்ளிஃபயர் பக்கம் மட்டும் எர்த் செய்ததும் அடங்கியது. இரண்டு முனையிலும் எர்த் இருந்தால் அதுவே ஒரு வளையமாகி இரைச்சலை இழுக்கும். எப்போதும் வெட்டுவதற்கு முன், அதே ஆர்பிஎம்மில் காற்றில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். எது வெட்டினால் வருகிறது, எது சும்மாவே இருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரி, 820-ஐ என்ன செய்வது? முழு ஃபிக்சரை ஏற்றியதுதான் வினை என்றால் அதை ஏற்றாமல் அளக்க வேண்டும். கட்டருக்கும் உலோகத்துக்கும் இடையே வரும் விசைதானே வேண்டும், அதற்கு அதே அலுமினியக் கலவையில் ஒரு சின்னக் கட்டை போதும். 1.2 கிலோவுக்கு ஒரு துண்டு வெட்டி, மேடையில் நேரடியாக இறுக்கினேன். கணக்குப்படி 1,300-க்கு மேல் வர வேண்டும். தட்டினால் 1,100. கழற்றி மறுபடி மாட்டினால் இன்னும் கொஞ்சம் மாறுகிறது. அந்தத் தருமபுரித் தம்பிதான் மேடையைத் தூக்கி அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். நகக்கண் அளவு ஒரு அலுமினியச் சுருள், போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் நசுங்கி ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, டேபிளைத் துடைத்து, எண்ணெய்க் கல்லால் ஒரு முறை வருடிவிட்டு, டார்க் ரெஞ்சால் எதிரெதிர் மூலையாக இறுக்கினோம். 1,310 வந்து நின்றது. ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் தட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஆனாலும் 600-க்கு 1,310 போதாது. இங்கே வந்துதான் குவார்ட்ஸ் படிகம் வைத்த பீசோ மேடைக்குப் போனேன். குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் வரும் என்பது 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டது. ஸ்ட்ரெயின் கேஜ் வேலை செய்ய உலோகம் கொஞ்சமாவது வளைந்தாக வேண்டும், குவார்ட்ஸ் அநேகமாக வளையவே வளையாது. அதனால் மேடை அதிக விறைப்பாக இருக்கும், இயல்பு அதிர்வெண்ணும் மேலே போகும். சொந்தமாக வாங்கினால் விலை பல லட்சம். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 35,000 கட்டி, அவர்களுடைய மெஷினிலேயே வெட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. அங்கே டெக்னீஷியனாக இருப்பவர் அல்சூர்த் தமிழர், ஓய்வு பெறும் வயது. நான் கனெக்டர் மூடியைக் கழற்றிக் கையில் எடுத்ததும், "அய்யய்யோ, அதைத் தொடாதப்பா" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். ஒரு நியூட்டனுக்குச் சில பிகோகூலும் மின்னூட்டம்தான் வரும், அது கசியாமல் இருக்க கனெக்டரின் காப்பு 1-க்குப் பின் 13 சுழியம் போட்ட ஓம் அளவில் இருக்க வேண்டும். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் அது பல ஆயிரம் மடங்கு இறங்கிவிடும். பிறகு ஒன்றுமே வெட்டாமல் எண் தானாக நகர ஆரம்பிக்கும். அவர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பின்னைத் துடைத்து, உலர்ந்ததும் மாட்டி, கேபிளை முழ தூரத்துக்கு ஒரு டேப் போட்டு ஒட்டினார். இந்தக் கேபிள் ஆடினாலே, உள்ளே உராய்ந்து, பொய் மின்னூட்டம் வருமாம். ஒவ்வொரு வெட்டுக்கும் சற்று முன்னால் ரீசெட் பொத்தானை அமுக்கு, கூலன்ட் போடாதே, சூடும் குளிர்ச்சியும் மாறினால் எண் ஓடும் என்றார். எந்தப் புத்தகத்திலும் எனக்கு இது இவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை.

அங்கே சின்னக் கட்டையுடன் தட்டியபோது 2,000 ஹெர்ட்ஸ். குவார்ட்ஸ் என்றதும் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. 600-ன் மும்மடங்கு 1,800, அது 2,000-க்குப் பக்கம். அதனால் 9,000-ல் தெரிந்த உச்சத்தை அப்படியே எடுக்கவில்லை. 600 ஹெர்ட்ஸ் பங்கை மட்டும் பிரித்து, அதில் 10 சதவீதம் அளவுக்கு இருந்த பெருக்கத்தைக் கழித்துவிட்டு, 3,000 ஆர்பிஎம்மில் வந்த 200 ஹெர்ட்ஸ் பங்குடன் ஒப்பிட்டோம். இரண்டும் ஒத்துப்போயின. வேகம் மாறினாலும் விசை மாறவில்லை என்று அதிலிருந்து உறுதியானது, உச்ச மதிப்பை 3,000 ஓட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். 430 நியூட்டன். என் பையிலிருந்த அரைப் பக்கத்தைப் பார்த்து அந்தப் பெரியவர், "இதை வெச்சே ரிப்போர்ட் குடுத்திருக்கலாமேப்பா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

430 என்றால் பட்டறைக்காரர் சொன்ன 500-க்குள்தான். அப்படியானால் போல்ட் ஏன் தளர்கிறது? திரும்பி வந்து, மேடையே இல்லாமல், ஃபிக்சரை டேபிளில் வழக்கம்போல் மாட்டி, என் ஆக்சிலரோமீட்டரை ஒட்டித் தட்டிப் பார்த்தேன். ஃபிக்சரின் ஒரு பக்கச் சுவர் 1,200 ஹெர்ட்ஸில் ஆடுகிறது. 600-ன் இரட்டை. விசை சின்னதுதான், ஆனால் சுவர் அதை வாங்கிக் குறுக்குவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கிறது. போல்ட் தளர்வதற்கு நெட்டுவாக்கு இழுப்பைவிடக் குறுக்கு ஆட்டம்தான் பெரிய எதிரி என்று கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியாளர் 1969-லேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார். 8,400 ஆர்பிஎம்முக்கு இறக்கி ஓட்டச் சொன்னேன். ஷிஃப்ட் முடியும்போது போல்ட் இறுக்கமாகவே இருந்தது. சுவருக்கு ஒரு விலாப்பட்டி வைத்துக் கொடுக்க ஃபிக்சர்காரர் ஒத்துக்கொண்டார்.

இதில் யாரும் ஜெயிக்கவில்லை என்பதால் யாருக்கும் என் மேல் மகிழ்ச்சி இல்லை. "நான் கேட்டது ஒரு நம்பருங்க, நீங்க கதை சொல்றீங்க" என்று பட்டறைக்காரர் பாதிப் பணம்தான் கொடுத்தார், 45,000. வாடகை நீண்டு 84,000 ஆகியிருந்தது. ஆய்வகத்துக்கு 35,000. ஒரு கேபிளைச் சூடான சுருள் அறுத்துவிட்டது என்று முன்பணத்தில் 9,000 பிடித்தார்கள். இந்த வேலையில் மாட்டிக்கொண்டதால் கைவிட்ட வழக்கமான வேலைகள் 60,000 இருக்கும். கூட்டிக் கழித்தால் 1,43,000. கேபிள் விஷயம் ஒன்றுதான் எளிதாகத் தப்பியிருக்கக்கூடியது. உலோகச் சுருள் விழும் பக்கம் கேபிள் போனால், ஒரு பழைய காற்றுக் குழாயை நீளவாக்கில் கீறி அதன் மேல் மாட்டிவிடுங்கள்.

இந்த மாதிரி வேலை உங்களுக்கு வந்தால், வாடகைக்கு எடுப்பதற்கு முன் பெங்களூரில் இருக்கும் வசதிகளைக் கேட்டுப் பாருங்கள். தும்கூர் ரோட்டில் சிஎம்டிஐ என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, மெஷின் டூல் தொழிலுக்கென்றே 1962-ல் தொடங்கியது. பொறியியல் கல்லூரிகளின் உற்பத்திப் பிரிவுகளில் தூங்கிக்கொண்டிருக்கும் கருவிகளும் உண்டு. ஜாபை மாற்ற முடியாது, முழு எடையோடுதான் அளந்தாக வேண்டும் என்றால், ஸ்பிண்டிலிலேயே கட்டருடன் சேர்ந்து சுற்றும் விசைமானி என்று ஒரு வகை இருக்கிறது. கம்பி இல்லாமல் சிக்னல் அனுப்பும், ஜாபின் எடை அதைப் பாதிக்காது. வாடகை கேட்டால் தலை சுற்றும். ஆனாலும் நான் கொட்டியதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதையே எடுத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

இப்போதெல்லாம் என் கொட்டேஷனில் "பொருத்திய நிலையில் இயல்பு அதிர்வெண் சோதனை" என்று தனியாக ஒரு வரி போட்டு 6,000 ரூபாய் வைக்கிறேன். அந்தச் சோதனை முடிந்த பிறகுதான் மீதி வேலைக்கு விலை சொல்வேன் என்றும், எந்த எண் வந்தாலும் முழுப் பணம் என்றும் கீழே எழுதுகிறேன். ஒரு சுத்தியல் தட்டுக்கு 6,000-ஆ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 130, 900, 430 என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி, மூன்றும் ஒரே வெட்டில் வந்தவை என்று மட்டும் சொல்கிறேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.